வீட்டில் பறக்கும் அமெரிக்கக் கொடி: எந்தத் துணி, எந்தக் கம்பம்?

மே கடைசித் திங்களன்று, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மெமோரியல் டே, ஜூன் 14 கொடி நாள், ஜூலை 4 சுதந்திர தினம். அமெரிக்கக் கடைகளில் கொடிகள் குவிந்து கிடக்கும் காலம் இது. கனமான துணியாகப் பார்த்து எடுத்தால் நாள்பட உழைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. வீட்டைச் சுற்றி அடிக்கும் காற்று எப்படி, கொடியை ஏற்றி இறக்க வீட்டில் ஆள் உண்டா என்ற இரண்டையும் பார்த்த பிறகு விலையைப் பார்ப்பதே நல்லது.

மரங்களும் வீடுகளும் நெருக்கமாக உள்ள புறநகர்த் தெருவுக்கு நைலான் போதும். எடை குறைவு என்பதால் இலேசான காற்றுக்கே விரிந்து பறக்கும். நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். கான்சஸ், ஒக்லஹோமா போன்ற சமவெளிகளிலும் கடற்கரையிலும் காற்று ஓய்வதே இல்லை. அங்கே நைலான் சீக்கிரம் நைந்துபோகும். அந்த ஊர்களுக்கு முறுக்கு நூலில் நெய்த இரட்டை இழைப் பாலியெஸ்டர்தான் சரி. தொட்டால் பருத்தி போலச் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். ஆனால் அதே கொடியைக் காற்றில்லாத தெருவில் ஏற்றினால் நாள் முழுக்கக் கம்பத்தோடு ஒட்டித் தொங்கும்.

ஒன்றைக் கவனியுங்கள்: உறையில் வெறுமனே ‘பாலியெஸ்டர்’ என்று போட்டிருக்கும் மலிவுக் கொடிகள் பல, அச்சடித்த மெல்லிய துணிதான். இரட்டை இழைத் துணியின் உழைப்பை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. நட்சத்திரங்கள் எம்பிராய்டரி செய்யப்பட்டிருக்கின்றனவா, 13 பட்டைகளும் தனித்தனியாகத் தைத்து இணைக்கப்பட்டிருக்கின்றனவா, கம்பத்துக்கு எதிர்ப்புற ஓரத்தில் நான்கு வரிசைத் தையல் ஓடுகிறதா என்று விரித்துப் பார்த்து வாங்குங்கள்.

அந்த எதிர்ப்புற ஓரம்தான் எந்தக் கொடியிலும் முதலில் போகும் இடம். காற்றில் அது சாட்டை நுனி போல வீசி அடிக்கிறது. முதலில் மூலைத் தையல் விடும், பிறகு நூல் பிரியும், பிறகு பட்டைகளுக்கு நடுவே உள்ள தையல் வழியாகக் கிழிசல் உள்ளே ஓடும். நூல் தலைகாட்டியதுமே கொடியை இறக்கி, பிரிந்த பகுதியை நேராக வெட்டி, மடித்துத் தைத்துவிட்டால் இன்னும் பல வாரம் பறக்கும். ஓர் அங்குலம் குறைந்தது தெருவிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கிளையிலோ மழைநீர்க் குழாயிலோ உரசும்படி கொடி இருந்தால் எந்தத் துணியும் தாங்காது. இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

பருத்திக்கு வெயிலும் மழையும் ஆகாது. சாயம் வெளுக்கும், சுருங்கும், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். அதன் இடம் வீட்டுக்குள். இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முன்னாள் ராணுவத்தினர் இறந்தால் சவப்பெட்டியின் மேல் போர்த்திப் பிறகு குடும்பத்தாரிடம் தரப்படும் கொடி பருத்தி; 5 அடிக்கு 9½ அடி. அப்பாவின் நினைவாக அதையே வாசலில் ஏற்ற வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த அளவு வீட்டுக் கம்பத்துக்குப் பொருந்தாது, அந்தத் துணி வெளியே நிலைக்காது. ஒருவருக்கு ஒரு கொடிதான். கெட்டுப்போனால் அரசு மாற்றுக்கொடி தராது. முக்கோணமாக மடித்த அந்தக் கொடியைக் கண்ணாடிப் பெட்டியில், நேர்வெயில் படாமல் வையுங்கள். வாசலுக்கு நைலானில் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

கம்பத்துக்கு வருவோம். வீட்டுச் சுவரில் சாய்வாகப் பொருத்தும் 6 அடிக் கம்பம், அதில் 3×5 அடிக் கொடி. செலவு குறைவு, அரை மணி நேர வேலை. கெடுவது இரண்டு இடத்தில். தாங்கியின் திருகுகளைச் சுவரின் மேலுறையில் மட்டும் முடுக்கிவிட்டால் முதல் பலத்த காற்றிலேயே பிடுங்கிக்கொண்டு வரும். உள்ளிருக்கும் மரச்சட்டத்தில் திருகு இறங்க வேண்டும். தாங்கி பிளாஸ்டிக்காக இல்லாமல் வார்ப்பு அலுமினியமாக இருக்கட்டும். அடுத்தது, கொடி கம்பத்தைச் சுற்றிக்கொள்வது. சுழலும் வளையங்கள் உள்ள கம்பம் அதைப் பெருமளவு தவிர்க்கும்.

தரையில் நடும் 20 அடிக் கம்பம் என்றால் 3×5 அல்லது 4×6 கொடி அழகாக இருக்கும். தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, எரிவாயு, மின்சாரக் குழாய்கள் போகும் இடத்தைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். சுமார் இரண்டரை அடிப் பள்ளம், அடியில் ஜல்லி, நடுவில் குழாய் உறை, சுற்றிலும் கான்கிரீட். அது நன்கு இறுகும்வரை பொறுத்திருந்து கம்பத்தை உறைக்குள் இறக்கி, இடைவெளியில் காய்ந்த மணலைக் கொட்டி, இரண்டு பக்கமும் ரசமட்டம் வைத்து நிமிர்த்த வேண்டும். ஜல்லியை விட்டால் உறைக்குள் தண்ணீர் தேங்கும். குளிர் மாநிலங்களில் அது உறைந்து கம்பத்தைத் தள்ளும்.

கயிறும் கப்பியும் உள்ள கம்பமா, ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் மடக்குக் கம்பமா என்பதில்தான் வாங்குபவர்கள் தடுமாறுகிறார்கள். மடக்குக் கம்பத்தில் கயிறு இல்லை, அதனால் இரவெல்லாம் கொக்கி அலுமினியத்தில் ‘டங் டங்’ என்று அடிக்கும் தொல்லையும் இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் இரண்டு நிமிடத்தில் இறக்கிவிடலாம். இணைப்புகளில் மணல் புகுந்தால் சிக்கிக்கொள்ளும் என்பதுதான் குறை. இருந்தாலும் என் ஓட்டு கயிற்றுக் கம்பத்துக்குத்தான். அரைக்கம்ப நாட்களே காரணம்.

மெமோரியல் டே அன்று காலை கொடியை விரைவாக உச்சிவரை ஏற்றி, பிறகு மெதுவாகப் பாதி உயரத்துக்கு இறக்க வேண்டும். நண்பகல்வரை அப்படி, அதன்பின் மாலைவரை உச்சியில். போரில் உயிர் தந்தவர்களுக்கு அரை நாள் மரியாதை. கயிறு இருந்தால் இதை முறைப்படி செய்யலாம். மடக்குக் கம்பத்திலோ மொத்தத்தையும் இறக்கி, கொடியைக் கீழ் வளையங்களுக்கு மாற்றி, மறுபடி உயர்த்த வேண்டும். நண்பகலில் இன்னொரு தடவை. சுவர்க் கம்பத்தில் அரைக்கம்பமே கிடையாது. உச்சியில் கறுப்பு ரிப்பன் கட்டுவதுதான் அங்கே வழக்கம்.

இரவில் கொடி இருக்கலாமா? 1942-இல் சட்டமான கொடி விதிகளின்படி சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை என்பதே மரபு. சரியான வெளிச்சம் இருந்தால் 24 மணி நேரமும் பறக்கலாம். ராணுவ முகாம்களில் மாலையில் கொடி இறங்கும்போது வண்டிகள் நிற்கும், எல்லோரும் கொடியை நோக்கித் திரும்புவார்கள். வீட்டில் தினமும் இறக்க ஆளில்லை என்றால் விளக்குப் போடுவதே நேர்மை. உச்சியில் மாட்டும் சிறு சூரிய விளக்கு குளிர்கால நீண்ட இரவில் பாதியிலேயே அணைந்துவிடலாம். மின்கம்பி இழுத்த தரை விளக்கு அதைவிட நம்பகமானது. இந்தியாவில் தேசியக் கொடியை அவமதிப்பதற்குத் தண்டனை உண்டு. அமெரிக்கக் கொடி விதிகளை மீறும் வீட்டுக்காரருக்குத் தண்டனை எதுவும் இல்லை, அவை மரியாதைக்கான வழிகாட்டிதான்.

குடியிருப்புச் சங்கம் தடுக்குமோ என்று பயப்பட வேண்டாம். 2006-இல் கையெழுத்தான மத்திய அரசுச் சட்டம் சொந்த வீட்டில் கொடி ஏற்றும் உரிமையைக் காக்கிறது. ஆனால் இடம், நேரம், முறை பற்றி நியாயமான கட்டுப்பாடு போடச் சங்கத்துக்கு இடமுண்டு. தரையில் நடும் தனிக்கம்பம் அதில் மாட்டும். ஃபுளோரிடாவில் 20 அடிவரை தனிக்கம்பத்துக்கு மாநிலச் சட்டமே அனுமதி தருகிறது. பிற மாநிலங்களில் கம்பம் வாங்குமுன் சங்க விதிகளைப் படியுங்கள்.

வெளுத்து நைந்த கொடியை எரித்து விடைகொடுப்பதே முறை. பருத்திக் கொடி சாம்பலாகும். நைலானும் பாலியெஸ்டரும் உருகிச் சொட்டும், நச்சுப் புகையும் வரும். ஆகவே கொல்லையில் எரிக்காதீர்கள். முக்கோணமாக மடித்து, முன்னாள் ராணுவத்தினர் சங்கமான அமெரிக்கன் லீஜனின் அருகிலுள்ள கிளையில் கொடுங்கள். பல கிளைகளில் வெளியே இதற்கென்றே பெட்டி வைத்திருக்கிறார்கள். ஜூன் 14 அன்று சடங்கு நடத்தும் கிளைகளும் உண்டு, அதற்கு முந்தைய வாரமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.