கிளாம்ப் மாட்டிவிட்டார்கள், ஒயரை இணைக்கவில்லை: வீட்டுச் சூரிய சார்ஜர் வாங்கப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நேற்று மாலை ஒரு மின்பணியாளர் எங்கள் வீட்டு மெயின் போர்டின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஒரு கறுப்பு ஒயரை மெல்ல வெளியே இழுத்துக் காட்டினார். அதன் ஒரு முனையில் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் இருந்தது. அது வீட்டுக்குள் வரும் பிரதானக் கம்பியைச் சரியாகவே கவ்வியிருந்தது. கார் சார்ஜருக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மறுமுனையோ, டேப் சுற்றப்பட்டு, பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகி மறைக்கப்பட்டிருந்தது. அது எதனுடனும் இணைக்கப்படவே இல்லை. மாடிச் சோலாரில் மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டே காரை ஏற்றுவது: அந்த ஒயர் செய்ய வேண்டிய இந்த வேலைக்காகத்தான் நான் என் ஐந்து மாதச் சம்பளத்தை முழுதாக, முன்பணமாகக் கொடுத்திருந்தேன். இரவு தூக்கம் வரவில்லை. விடிந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். ஏனென்றால் என்னிடம் பேசிய அதே பேச்சை, இந்த சார்ஜரைப் பொருத்திய நிறுவனத்தார் இந்நேரம் வேறொரு வீட்டில் பேசிக்கொண்டிருக்கக்கூடும்.

எங்கள் மாடியில் 5 கிலோவாட் சோலார் பேனல்கள் முன்பே இருந்தன. அவற்றை அமைத்தவர்கள் வேறு ஆட்கள். அந்த வேலையில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. மின்சாரக் கார் வாங்கியபின்தான் இந்த எண்ணம் வந்தது. நான் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்வதால் கார் பகல் முழுவதும் வாசலில்தான் நிற்கும். நண்பகலில் வீட்டுத் தேவை போக மிஞ்சும் மின்சாரம் குறைந்த விலைக்கு வெளியே போகிறது; அதே மின்சாரத்தை இரவில் கூடுதல் விலைக்கு நாங்கள் வாங்கிக் காரில் ஏற்றுகிறோம். எங்கள் கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் எடுக்கும். வெளியே போய்வரும் நாட்களின் தேவையைக்கூட இரண்டு நல்ல நண்பகல்களின் உபரி தாராளமாக ஈடுகட்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒரு நிறுவனத்தை அழைத்தேன். கணக்கு இப்போதும் சரிதான் என்றே நம்புகிறேன். கணக்கைக் கொண்டுபோய் யார் கையில் கொடுத்தேன் என்பதில்தான் தவறிவிட்டேன்.

சாதாரணச் சுவர் சார்ஜருக்கும் உபரியைப் பின்தொடரும் சார்ஜருக்கும் என்ன வேறுபாடு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஏமாற்று வேலை நடந்தது அந்த இடத்தில்தான். சாதாரண சார்ஜர், அமைத்து வைத்த ஆம்பியர் அளவை மட்டும் காருக்குச் சொல்லும். வெயில் அடித்தாலும் மேகம் மறைத்தாலும் கார் அதே அளவை இழுத்துக்கொண்டிருக்கும், பற்றாக்குறை வெளி மின்சாரத்திலிருந்து வந்து நிரம்பும். உபரியைப் பின்தொடரும் சார்ஜர், மெயின் கம்பியில் மாட்டிய கிளாம்ப் வழியாக, வீட்டிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்பதைத் தொடர்ந்து படித்து, அதற்கேற்பக் காரின் இழுப்பைக் கூட்டியும் குறைத்தும் கொண்டே இருக்கும். குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு: 6 ஆம்பியருக்குக் கீழே போக முடியாது. ஒற்றை ஃபேஸில், 230 வோல்ட்டில், அது ஏறத்தாழ 1.4 கிலோவாட். உபரி அதற்கும் கீழே இறங்கினால் சார்ஜர் நிறுத்தி வைக்கும், அல்லது நாம் அனுமதித்தால் மீதியை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும். இவ்வளவையும் செய்யும் அறிவு அந்தக் கிளாம்ப் ஒயர் வழியாகத்தான் சார்ஜருக்குப் போய்ச் சேர வேண்டும்.

அந்த நிறுவனத்திலிருந்து வந்தவர் மிகவும் பணிவாகப் பேசினார். காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். நான் எத்தனை நாள் வெளியே போகிறேன், வண்டி எந்த நேரத்தில் வீட்டில் நிற்கிறது, மாடியில் நிழல் எப்போது விழுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நான் சொன்ன 6 ஆம்பியர் எல்லையை அவரே எனக்கு விளக்கமாகத் திருப்பிச் சொன்னபோது, விஷயம் தெரிந்த மனிதர் என்று மனம் நிம்மதியடைந்துவிட்டது. "நீங்கள் ஒருமுறை செருகிவிட்டு மறந்துவிடலாம் மேடம், மீதியைச் சூரியன் பார்த்துக்கொள்ளும்" என்றார். விலையைக் கேட்டு நான் தயங்கியதையும் கவனித்தார். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்தால் மென்பொருளுக்கான கட்டணம் தள்ளுபடி என்று சொன்னார். ஐந்து மாதச் சம்பளம் என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். என் கணவர் பாதியைப் பிறகு கொடுக்கலாமே என்றார். நான்தான் கேட்கவில்லை.

பொருத்தி முடித்த அன்று நண்பகல் பன்னிரண்டரை மணி. நல்ல வெயில். அவர் காரைச் செருகிவிட்டுத் தன் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். பேனல் தருவது 3.8 கிலோவாட், வீடு எடுப்பது 0.4, கார் எடுப்பது 3.2, வெளியேறுவது மிகச் சிறு அளவு. வெளியிலிருந்து வருவது சுழியம். "ஒரு யூனிட்கூட வெளியிலிருந்து எடுக்கவில்லை, நீங்களே பாருங்கள்" என்றார். நான் பார்த்தேன், நெகிழ்ந்தேன், அவருக்கு நன்றி சொன்னேன். எத்தனை மாத ஆசை அது!

அந்தத் திரையில் காட்டிய எண்கள் எல்லாம் உண்மை. அதுதான் இப்போது என்னை அதிகம் எரிக்கிறது. அவர் அன்றைய வெயிலைப் பார்த்து, உபரி எவ்வளவு என்பதை, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் செயலியில் படித்து, சார்ஜரைக் கையால் 14 ஆம்பியரில் நிறுத்தி வைத்திருக்கிறார். 14 ஆம்பியர் என்றால் 3.2 கிலோவாட். சார்ஜருக்குச் சூரியனைப் பற்றி எதுவும் தெரியாது. அவர் ஒரு நிமிடத்துக்கு மட்டும் இரண்டையும் ஒத்துப்போகச் செய்து எனக்குக் காட்டினார். அவர் வாசலைத் தாண்டிய பிறகு மேகம் வந்தபோதும், மாலை சாய்ந்தபோதும், கார் அதே 3.2 கிலோவாட்டை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. பிறகு ஒரு நாள் மின்தடை வந்து போனதும், சார்ஜர் தன் பழைய அமைப்பான 32 ஆம்பியருக்கே திரும்பிவிட்டது. அது 7.4 கிலோவாட். என் மாடியில் இருக்கும் அத்தனை பேனல்களும் உச்சி வெயிலில்கூடத் தர முடியாத அளவு.

எனக்கு இது பில் வந்தபோதுதான் தெரிந்தது. தொகை குறைந்திருக்கும் என்று ஆவலோடு பிரித்தால் கூடியிருந்தது. அன்றே அழைத்தேன். மழைக்காலம் என்பதால் அப்படித்தான் இருக்கும், அடுத்த மாதம் பாருங்கள் என்றார்கள். அடுத்த மாதம் இன்னும் கூடியது. இம்முறை, என் காரின் மென்பொருளில்தான் கோளாறு, கார் விற்றவரிடம் கேளுங்கள் என்றார்கள். கார் விற்றவர்கள் சோதித்துவிட்டு, சார்ஜர் சொல்லும் அளவைத்தான் கார் எடுக்கிறது என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். அதை அனுப்பினேன், இரண்டு வாரம் பதில் இல்லை. மறுபடி அழைத்தபோது வேறொரு குரல், தாங்கள் பொருத்துபவர்கள் மட்டுமே, பொருளைத் தயாரித்தவரிடம்தான் கேட்க வேண்டும் என்றது. அதற்கும் பிறகு, "உபரிப் பயன்முறை" தனி உரிமம் என்றும், அதற்கு மேலும் பணம் கட்ட வேண்டும் என்றும் ஒரு செய்தி வந்தது. ஐந்து மாதச் சம்பளம் எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்டேன். கொட்டேஷனைப் படிக்கச் சொன்னார்கள். எடுத்துப் படித்தேன். "சூரிய மின்சாரத்துடன் பயன்படுத்த ஏற்றது" என்று மட்டும் இருந்தது. எந்த சார்ஜர்தான் ஏற்றதல்ல? காலணியைக் கழற்றி வைத்து வந்த அந்தப் பணிவான மனிதர் இப்போது என் அழைப்பை எடுப்பதே இல்லை.

நேற்று வந்த மின்பணியாளர் இன்னொன்றையும் காட்டினார். அந்த சார்ஜரில் கிளாம்ப் ஒயரைச் செருகுவதற்கான இடமே இல்லை. அதாவது மறந்துபோய் இணைக்காமல் விட்டதாகக்கூட நினைத்துக்கொள்ள வழியில்லை. நான் மெயின் போர்டைப் பார்த்தால் கிளாம்ப் கண்ணில் படட்டும் என்பதற்காகவே அதை மாட்டி, வாலை மறைத்திருக்கிறார்கள். கூடவே, போர்டிலிருந்து சார்ஜர்வரை இழுத்திருந்த கம்பி மணிக்கணக்கில் 32 ஆம்பியரைத் தாங்கும் தடிமன் கொண்டதும் இல்லை. இணைப்பு முனையில் உறை பழுத்து நிறம் மாறியிருந்தது. இரவில் நாங்கள் தூங்கும்போது அது சூடேறிக்கொண்டிருந்திருக்கிறது. பணத்தைவிட அதை நினைத்தால்தான் கை நடுங்குகிறது. சார்ஜரின் பிரேக்கரை இறக்கி வைத்துவிட்டோம்.

வாங்கப்போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஒருநிலையில் இல்லை. முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் காட்டும் சோதனையை நம்பாதீர்கள். காரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே வாட்டர் ஹீட்டரைப் போடச் சொல்லுங்கள். உண்மையான சார்ஜராக இருந்தால் சிறிது நேரத்திலேயே காரின் இழுப்பு தானாக இறங்க வேண்டும், ஹீட்டரை அணைத்ததும் ஏற வேண்டும். சூரியன் மறைந்ததும் தானாக நிற்கிறதா என்று ஒரு மாலை முழுவதும் இருந்து பார்த்துவிட்டுத்தான் கடைசித் தவணையைக் கொடுங்கள். கிளாம்ப் ஒயரின் இரண்டு முனைகளையும் காட்டச் சொல்லுங்கள், நீங்களே போர்டைத் திறக்காதீர்கள். கொட்டேஷனில் "உபரிக்கேற்ப மின்னோட்டத்தைத் தானாக மாற்றும்" என்ற சொற்களும், சார்ஜரின் மாடல் எண்ணும், கம்பியின் தடிமனும் இருக்க வேண்டும். மூன்று ஃபேஸ் வீடாக இருந்தால், மூன்றிலும் ஏற்றும்போது குறைந்தபட்ச இழுப்பே 4.1 கிலோவாட் ஆகிவிடும், எனவே ஒற்றை ஃபேஸுக்கு மாறும் வசதி உண்டா என்று கேளுங்கள். வெளியே போகும் யூனிட்டுக்கும் உள்ளே வரும் யூனிட்டுக்கும் உங்கள் இடத்தில் ஒரே மதிப்பு என்றால் இந்த சார்ஜரால் உங்களுக்கு லாபமே இல்லை. என்னிடம் பேசியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மின்பணியாளர் எழுதிக் கொடுத்த அறிக்கை, டேப் சுற்றிய ஒயரின் படங்கள், மூன்று பில்கள் எல்லாவற்றையும் சேர்த்து இன்று காலை அந்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பப்போகிறேன்; நுகர்வோர் புகாரும் இன்றே எழுதுகிறேன். என் ஐந்து மாதச் சம்பளம் அவர்களிடம் இருக்கிறது. கார் வாசலில் வெயிலில் நிற்கிறது.