முழங்கை மடிப்பா, முன்கையா, புறங்கையா? ஐவி லைன் எங்கே போடலாம்

ஐவி லைன் என்பது மருந்து ஏற்றச் சிரைக்குள் விடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்; ஊசியின் மேல் போர்த்தியபடி உள்ளே செலுத்தி, ஊசியை மட்டும் உருவிவிடுவோம். அதைப் போடப் பழகுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த நம்பர் ஊசி என்றுதான். என்னைக் கேட்டால் எந்த இடம் என்பதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் இடம் சரியில்லாவிட்டால் அழகாகப் போட்ட லைன்கூட ராத்திரிக்குள் அடைத்துக்கொள்ளும்.

பெரியவர்களுக்கு முழங்கை மடிப்பில் சிரை தடிமனாக, கைக்கு எளிதாகச் சிக்கும்படி இருக்கும், அதனால் புதியவர்கள் நேராக அங்கேதான் போவார்கள். ஆனால் நோயாளி கையை மடக்கும்போதெல்லாம் குழாய் மடங்கி டிரிப் நிற்கும், மருந்து வெளியே கசிந்தாலும் கவனிக்க நேரமாகும், பக்கத்திலேயே தமனியும் நரம்பும் ஓடுகின்றன. இன்னொன்று, மேலே துளை போட்டுக் கெடுத்துவிட்டு அதே சிரையில் கீழே லைன் போட்டால், கொடுக்கும் மருந்து அந்தப் பழைய துளை வழியாகவே கசியலாம். கீழிருந்து தொடங்கி மேலே போகச் சொல்வது இதனால்தான். புறங்கையில் சிரை கண்ணுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் வலி அதிகம், வயதானவர்களுக்குத் தோல் மெலிந்து சிரை நழுவிக்கொண்டே இருக்கும், கை கழுவச் சாப்பிட என்று எல்லாவற்றுக்கும் இடைஞ்சல்.

என் ஓட்டு முன்கைக்குத்தான். சிரை நேராக ஓடும், மூட்டு குறுக்கே வராது, நாள்கணக்கில் நிற்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரலால் தடவிப் பாருங்கள், அமுக்கினால் மெத்தென்று எழும்புகிறதா என்பதுதான் கணக்கு. ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலையில் (ஷாக்) இருப்பவருக்கும், ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கும் மட்டும் யோசிக்காமல் முழங்கை மடிப்புக்கே போங்கள். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (ரத்தச் சுத்திகரிப்புக்காகத் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த இடம்) உள்ள கையை எந்த நிலையிலும் தொடாதீர்கள்.

சரி, நம்பர். எண் ஏற ஏறக் குழாய் மெலியும், எந்த எண் என்பதை அதன் நிறமே சொல்லும்: 16 சாம்பல், 18 பச்சை, 20 இளஞ்சிவப்பு, 22 நீலம், 24 மஞ்சள். ஓட்டம் ஆரத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது என்பதால், வேகமாக ரத்தமோ திரவமோ ஏற்ற வேண்டுமானால் 18 அல்லது 16 வேண்டும். அதற்காக எல்லோருக்கும் பச்சையைக் குத்துவது தவறு. மெல்லிய சிரையைத் தடித்த குழாய் அடைத்துக்கொண்டால் சுற்றி ரத்தம் ஓடாது, மருந்து சிரைச் சுவரை எரித்துவிடும். ஆன்டிபயாடிக் மட்டும் போகிறது என்றால் 22 தாராளமாகப் போதும்.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு மாறும். கொழுகொழு கையில் எதுவும் தெரியாது, அறை விளக்கைக் குறைத்து உள்ளங்கைப் பக்கமிருந்து ஒளி காட்டினால் புறங்கைச் சிரை கோடாகத் தெரியும். அதனால் இங்கே புறங்கைக்கே முதல் இடம், எந்தக் கை விரலைச் சூப்புகிறது என்று அம்மாவிடம் கேட்டு அடுத்த கையில். நடக்க ஆரம்பிக்காத குழந்தைக்குப் பாதமும் நல்ல இடம், உள் கணுக்காலுக்குச் சற்று முன்னால் ஓடும் சிரை தெரியாவிட்டாலும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தலையில் சிரை பளிச்சென்று தெரிந்தாலும் அதைக் கடைசியாகவே வைத்துக்கொள்ளுங்கள். துடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் குத்தினால் தமனியில் போய் நிற்கும், பெற்றோரும் கலங்கிப்போவார்கள்.

குத்தும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. பெரியவர்களுக்கு 15 முதல் 30 டிகிரி சாய்வு, குழந்தைக்கு ஏறக்குறைய தோலோடு படுத்த மாதிரி. ஊசியின் நுனி பிளாஸ்டிக்கைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதால், ரத்தம் தெரிந்தவுடனே குழாயைத் தள்ளக்கூடாது, சாய்வைத் தாழ்த்தி ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே போய் அப்புறம் தள்ளுங்கள். 24-இல் ரத்தம் மெதுவாகத்தான் வரும், காத்திருங்கள், பாதிக் குழந்தை லைன்கள் இந்த அவசரத்தில்தான் கெடுகின்றன. ஊசியை உருவும் முன், சிரை புடைக்கக் கையில் இறுக்கிய பட்டையை (டூர்னிகே) அவிழ்த்துவிடுங்கள். உருவிய ஊசியைத் திரும்பக் குழாய்க்குள் செலுத்தவே கூடாது, பிளாஸ்டிக் நுனி வெட்டுப்பட்டு ரத்தத்தோடு போய்விடும்.

குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஒரு கைதேர்ந்த ஆள் இருப்பது எந்த ஊசியையும்விடப் பெரிய உதவி. அவசரமில்லை என்றால் மரத்துப்போகும் களிம்பைத் தடவி ஒரு மணி நேரம் விடுங்கள், பச்சைக் குழந்தைக்குச் சர்க்கரைக் கரைசல் சில துளி. பிளாஸ்திரி போடும்போது குத்திய இடமும் விரல் நுனிகளும் வெளியே தெரிய வேண்டும், வீங்குகிறதா என்று மணிக்கொரு முறை பார்க்க வேண்டியிருக்கிறதே.

இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை என்றால் வேறொருவரைக் கூப்பிடுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் குழந்தைக்குச் சிரை தேடி நேரத்தைக் கழிக்காமல், முழங்காலுக்குக் கீழே கால் எலும்பின் மஜ்ஜைக்குள் ஊசி போட்டுத் திரவத்தைத் தொடங்கிவிட வேண்டும்.