ஒரே ஓலை, ரெண்டு வம்சாவளி: 68,000 ரூபாய் போன கதை

குடும்ப வரலாறு தேடித் தருகிறேன், ஏழு தலைமுறைக்கு வம்சாவளி எழுதித் தருகிறேன் என்று நாகர்கோவில், தக்கலை வட்டாரத்தில் ஒருவர் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார். அவரிடம் நாங்கள் 68,000 ரூபாய் கொடுத்தோம். பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டதால் போடவில்லை. பதிவு நீளம்தான். வீட்டில் பழைய நோட்டும் பத்திரமும் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுச் சண்டையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

பூதப்பாண்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு குடும்பக் கோயில் உண்டு. வருஷா வருஷம் தைக் கடைசியில் கொடை. வரி பிரிப்பது, வில்லுப்பாட்டு, பொங்கல் எல்லாம் ஒழுங்காக நடக்கும். பரிவட்டம் கட்டும் நேரம் வந்தால் மட்டும் எல்லார் முகமும் மாறிவிடும். அப்பா இருந்தவரை அவருக்குத்தான் கட்டினார்கள். அவர் போன பிறகு தக்கலை அத்தான் வீட்டார், "உங்க பூட்டனுக்கு அதுக்கு உரிமையே கிடையாது. போட்டும்னு விட்டிருந்தோம், அவ்வளவுதான்" என்று ஆரம்பித்தார்கள்.

நாங்கள் மருமக்கள்வழிக் குடும்பம். கொல்லம் ஆண்டு 1101-ல், அதாவது 1926-ல், திருவிதாங்கூரில் நாஞ்சில்நாட்டு வேளாளர் ரெகுலேஷன் என்ற சட்டம் வரும்வரை எங்களில் சொத்து அப்பனிடமிருந்து மகனுக்கு வராது. தாய்மாமனிடமிருந்து சகோதரி மகனுக்குப் போகும். வீட்டு மூத்த மாமன் காரணவர். அவருக்குப் பின்னால் வரும் மருமக்கள் அனந்தரவர்கள். காரணவர் பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு பங்கு கிடைக்கும், அதோடு சரி. எங்கள் கோயில் உரிமையும் அப்படித் தாய்வழியோடு வந்ததுதான்.

எங்கள் பூட்டன் பெயர் தாணு. அவர் காலத்துக் காரணவர் பெயரும் தாணு. சுசீந்திரம் தாணுமாலயனைக் கும்பிடுகிற ஊர்களில் இது ஒரு அதிசயமா? எங்கள் வீட்டிலேயே ஐந்து தலைமுறையில் நாலு தாணு. பழைய தீர்வை ரசீதில் பூட்டன் பெயர் 'தா. தாணு' என்று இருக்கிறது. அந்தத் 'தா.'வில்தான் வில்லங்கம். மருமக்கள்வழிக் குடும்பங்களில் மாமன் பெயரை முன்னெழுத்தாகப் போடுவதும் உண்டு. ஆகவே பூட்டன் காரணவரின் மருமகன், அவருக்குப் பிறகு முறைப்படி வந்தவர் என்பது எங்கள் கட்சி. அது பெற்ற அப்பன் பெயர், ஆகவே அவர் உகந்துடைமைக்காரர், கோயிலுக்கு வெளியே என்பது அத்தான் வீட்டார் கட்சி.

ஆதாரம் என்று எங்களிடம் இருந்தவை ரெண்டு. கொல்லம் 1103-ல் மலையாளத்தில் எழுதிய பாகப்பத்திரத்தின் நகல் ஒன்று. அதில் பாதி கரையானுக்குப் போயிருந்தது. இன்னொன்று தாத்தாவின் கணக்கு நோட்டு. நோட்டில் ஒரு பக்கத்தில் தன் அப்பாவின் அம்மை எந்த வீட்டுக்காரி என்று தாத்தா எழுதியிருந்தார். அதே நோட்டில் வேறொரு இடத்தில், கொடுக்கல் வாங்கல் எழுதுகிறபோது, காரணவரான பெரிய தாணுவைத் 'தாத்தா' என்று குறித்திருக்கிறார். அப்பாவைப் பெற்றவரும் தாத்தா, அப்பாவின் மாமனும் தாத்தா. அத்தான் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பத்து வருஷமாக விடவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்த ஆள் வந்தார். அண்ணன் பெங்களூரிலிருந்து ஏற்பாடு பண்ணினான். தோளில் ஜோல்னாப் பை, கையில் பூதக்கண்ணாடி, வெள்ளைக் கையுறை. வந்ததும் அம்மா காலில் விழுந்தார். அம்மாவுக்கு 82 வயது. காலில் விழுந்தால் போதும், பலாப்பழம் வெட்டிவிடுவாள். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு கேட்டார், "உங்க தரப்பு என்ன மேடம்? எந்தப் பக்கம் நிரூபிக்கணும்?"

அப்போதே நான் எழுந்திருக்க வேண்டும். என்னென்ன கடிதாசி இருக்கிறது, எந்த வருஷத்துக்குரியது என்று கேட்பவன் ஆவணம் பார்க்கிறவன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பவன் தையல்காரன். எனக்கு அது உறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நம் பக்கம் பேச ஒருத்தர் கிடைத்தார் என்ற சந்தோஷம்தான் இருந்தது.

முன்பணம் 20,000. திருவனந்தபுரம் போய்வர 18,000. மலையாளத்திலிருந்து மொழிபெயர்க்க 20,000. அச்சுக்கும் பிரேமுக்கும் 10,000. எதற்கும் ரசீது கிடையாது. நோட்டையும் பாகப்பத்திரத்தையும் ஸ்கேன் பண்ண ஒரு வாரம் வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வர நாலு மாசம் ஆனது.

வந்தபோது மூன்றடி உயரத்துக்கு ஒரு ஆலமரம். கிளைக்கு ஒரு பெயர், சுற்றிலும் தங்க நிறக் கரை. பூட்டன் நாங்கள் ஆசைப்பட்ட இடத்திலேயே, காரணவரின் மூத்த சகோதரிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். கூடவே நாற்பது பக்கத்தில் ஸ்பைரல் போட்ட புத்தகம். அதன் முதல் பக்கத்தில் ஒரு ஓலையின் போட்டோ. "அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளோட சேர்ந்தது. இதுதான் மூலம்" என்றார். அந்த ஊர் முதலியார் வீட்டில் இருந்த பழைய ஓலை ஆவணங்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். எங்களில் யாருக்கும் அந்த எழுத்து தெரியாது. அண்ணன் மரத்தைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டான். தக்கலையிலிருந்து பதிலே இல்லை. வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்தோம்.

ரெண்டு வாரம் கழித்துத் தோவாளையில் ஒரு சித்தியின் பதினாறாம் நாள் அடியந்திரம். சாப்பிட்டுக் கை கழுவி வந்தால், அத்தான் சாக்குப் பையிலிருந்து சுருட்டின பிளெக்ஸ் ஒன்றை எடுத்து எதிர்த் திண்ணையில் விரிக்கிறார். அதே ஆலமரம். அதே தங்கக் கரை. மூலையில் அதே ஓலை. அந்த மரத்தில் எங்கள் பூட்டன் காரணவருக்குக் கீழே, தனியாக ஒரு புள்ளிக் கோட்டில், மகனாகத் தொங்கிக்கொண்டிருந்தார். அத்தான் கொடுத்தது 75,000. எங்களைவிட 7,000 கூட. அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது, மறைப்பானேன்.

ரெண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பாகப்பத்திரத்தில் கரையான் மிச்சம் வைத்த வரியில் 'அனந்தரவன்' என்று ஒரு சொல் இருக்கிறது. எங்கள் புத்தகத்தில் அதை 'மருமகன்' என்று பெயர்த்திருந்தார். அத்தான் புத்தகத்தில் 'பின்வந்த மகன்' என்று. அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் அடுத்து வருகிறவன் என்பதுதான். மருமக்கள்வழிப் பத்திரத்தில் வந்தால் தாய்வழி இளையவன். அது மகனைக் குறிக்காது. இந்த ஒன்றில் நான் அத்தானை ஜெயித்தேன் என்று சொல்லலாம். ஆனால் அந்த வரியில் யாருடைய அனந்தரவன் என்கிற இடம் கரையான் வயிற்றில் இருக்கிறது.

அத்தானும் நானும் ஒரே ஆட்டோவில் ஏறினது அதற்கப்புறம்தான். மார்த்தாண்டத்தில் ஓய்வுபெற்ற மலையாள வாத்தியார் ஒருவர், பழைய எழுத்தெல்லாம் வாசிப்பார் என்று சொன்னார்கள். ஓலைப் படத்தை போனில் பெரிசாக்கிக் காட்டினோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மெதுவாக வாசித்தார். சுக்கு, வசம்பு, வாய்விளங்கம் என்று அவர் சொல்லச் சொல்ல அத்தான் என்னைப் பார்த்தார்.

"இது பிள்ளைகளுக்கு மாந்தம் வந்தா எண்ணெய் காய்ச்சுத வகையாக்கும் மக்ளே. உங்க குடும்பம் இதுல எங்கயும் இல்ல."

காசு வாங்காமல் வாத்தியார் புத்தகத்தையும் பார்த்துக் கொடுத்தார். அவர் காட்டினதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். கொல்லம் 1012-ல், அதாவது 1836-37-ல், காரணவரின் அம்மை எழுதிக்கொடுத்த இஷ்டதானம், அதாவது தானப் பத்திரம், என்று ஒன்றை அந்த ஆள் சேர்த்திருந்தார். அதில் நிலத்துக்கு சர்வே நம்பர் இருக்கிறது, அளவு 62 சென்ட் என்று இருக்கிறது. திருவிதாங்கூரில் முறையான சர்வேயும் செட்டில்மென்ட்டும் தொடங்கினதே 1883-ல். அதற்கு முன்னால் நாஞ்சில்நாட்டு வயலை எவ்வளவு விதை பிடிக்கும் என்பதை வைத்து கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்றுதான் எழுதுவார்கள். பிறகு வருஷக் கணக்கு. நோட்டில் பூட்டன் பிறந்தது கொல்லம் 1063 கார்த்திகை என்று இருக்கிறது. அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டி 1888 என்று போட்டுவிட்டார். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் மார்கழி நடுவரை 824 கூட்ட வேண்டும், அப்புறம் ஆடி முடிய 825. ஆகவே 1887. ஒரு வருஷம்தானே என்று தோன்றும். பத்திரத்தில் ஒருவர் மேஜரா மைனரா என்பது அந்த ஒரு வருஷத்தில் மாறும்.

திருவனந்தபுரம் கோட்டையில் இருக்கிற ஆவணக் காப்பகத்தில் ஓலைகளைச் சுருணை சுருணையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், உண்மையாகவே அங்கே போய்ப் பார்த்தவன் என்றால் எந்தச் சுருணை, எந்த ஓலை என்று ஒரு எண்ணாவது எழுதியிருப்பான் என்றார் வாத்தியார். நாற்பது பக்கத்தில் அப்படி ஒரு எண்கூட இல்லை. முதலியார் ஓலைகள் என்பவை உண்மையில் உள்ளவை, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை முதலானவர்கள் பார்த்து ஆராய்ந்தவை. அந்தப் பெயரைச் சொன்னால் இந்த ஊரில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள் என்று ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

போன் பண்ணிக் கேட்டோம். "மேடம், ஆராய்ச்சின்னா ரெண்டு கருத்து வரத்தான் செய்யும்" என்றார். ரெண்டு கருத்துக்கும் சேர்த்து 1,43,000 வாங்கினவர்.

பணம் போனது போகட்டும். நோட்டைச் சாவகாசமாகப் புரட்டினபோதுதான் அம்மா கண்டுபிடித்தாள். பூட்டனின் அம்மை வீட்டை எழுதியிருந்த தாளைக் காணோம். கிழிந்த தடம் இல்லை. தையலை ஒட்டி பிளேடால் வெட்டின மாதிரி நேராக ஒரு விளிம்பு, அரை விரல் அகலத்துக்குக் காகிதம் மிச்சம். ரெண்டு கட்சிக்கும் ரெண்டு மரம் விற்க வேண்டுமென்றால் அந்தத் தாள் இருக்கக் கூடாது, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். "நீங்க தந்தது இவ்வளவுதான்" என்கிறார் அவர். நோட்டில் எத்தனை தாள் என்று நாங்கள் எண்ணிக் கொடுக்கவில்லை.

நல்ல வேளையாக, அவர் வந்த அன்று அண்ணன் மகள் சும்மா ஒரு போட்டோ எடுத்திருந்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் அவர், மடியில் விரித்த நோட்டு. விரிந்திருப்பது அந்தப் பக்கம்தான். மூன்று வரி வாசிக்க வருகிறது. வீட்டுப் பெயர் இருக்கிற நாலாவது வரியில் பூதக்கண்ணாடியின் வெளிச்சம் விழுந்து வெள்ளையாக இருக்கிறது. அம்மா அந்த வரியை மனப்பாடமாகச் சொல்கிறாள். அவள் சொல்வது எங்களுக்குச் சாதகமாக இருப்பதால் அத்தான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

போட்டோவை வைத்து ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறோம். மனு ரசீது வந்திருக்கிறது.

அத்தானும் நானும் சேர்ந்தே பாகப்பத்திரத்தின் நகலுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டிருக்கிறோம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது அதுதான். கம்ப்யூட்டரில் வருகிற வில்லங்கச் சான்று கொல்லம் 1103 வரைக்கெல்லாம் போகாது. வருஷமும் பெயரும் எழுதிக்கொடுத்தால் பழைய புத்தகத்தில் கையால் தேடுவார்கள். தேடுகிற கட்டணம் அந்த ஆள் வாங்கின ஆட்டோக் கூலிகூட ஆகாது. நகல் வந்தால் அதில் என்ன இருந்தாலும் ஒத்துக்கொள்வதென்று அத்தானும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

உங்கள் வீட்டுக்கு இப்படி யாராவது வந்தால் அசலை வாசலுக்கு வெளியே விடாதீர்கள். உங்கள் முன்னால் போனில் படம் எடுக்கட்டும். முதலில் தாளை எண்ணி, ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டுக்கொள்ளுங்கள். ஓலை என்று எதைக் காட்டினாலும் வாசிக்கத் தெரிந்த வேறொருவரிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். ஆள் இப்போது கருங்கல் பக்கம் போயிருக்கிறாராம், கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டை வைத்து வம்சாவளி எழுதுகிறாராம். என் கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி சொன்னாள். அந்தப் பதிவேடு பங்குக் கோயிலிலேயே இருக்கும், பங்குத்தந்தையிடம் நேரே கேட்கலாம். பழைய ஏடுகளில் பெயர் லத்தீனில் இருக்கும். அங்கே சவேரியுஸ் என்று இருக்கிறவர் பத்திரத்தில் சவரிமுத்தாக இருப்பார். ரெண்டும் ஒரே ஆள்தானா என்று பெற்றோர் பெயரையும் ஞானப்பெற்றோர் பெயரையும் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் அவர் என்ன வித்தை காட்டுவாரோ.

இந்தத் தைக் கொடைக்கு யார் தலையிலும் பரிவட்டம் கட்டவில்லை, அம்மன் பாதத்தில் வைத்துவிட்டார்கள். அத்தான் வீட்டு ஆலமரம் இப்போது விறகுப் புரைக்கு மேலே கிடக்கிறது. பிளெக்ஸ் நல்ல கனம், ஐப்பசி மழைக்கு ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லையாம். எங்களுடையது பிரேம் போட்டது, அதற்கும் ஆகாது.