குட்டி கிட்டார்: ஜிஎஸ் மினி பக்கம் நான் சாய்ந்த கதை

பயணத்துக்குச் சின்ன கிட்டார் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது விமானத்தில் கையோடு கொண்டுபோக விடுவார்களா என்றுதான். நம் ஊர் உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக 55 செ.மீ. நீளம்தான் கணக்கு, நான் சொல்லப்போகிற எந்தக் கிட்டாரும் அதற்குள் அடங்காது, வாசலில் நிற்பவர் மனம் வைத்தால் உண்டு. ரயிலில் எல்லாமே ஏறிவிடும். அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடலாம்.

நான் வாங்கியது டெய்லர் கம்பெனியின் ஜிஎஸ் மினி என்ற சின்ன கிட்டார். அதே ரகத்தைச் சேர்ந்த பேபி டெய்லர், லிட்டில் மார்ட்டின், யமஹா ஜேஆர்2 மூன்றையும் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். முடிவு பண்ண வைத்தது ஒரே விஷயம், ஸ்கேல் நீளம், அதாவது நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கக் கட்டை) சேடில் (உடலில் கம்பி அமரும் கட்டை) வரை கம்பி அதிரும் தூரம்.

டெய்லரின் முழு அளவு கிட்டாரில் அது 25.5 அங்குலம். ஜிஎஸ் மினியில் 23.5, லிட்டில் மார்ட்டினில் 23, பேபி டெய்லரில் 22.75, ஜேஆர்2-இல் 21.25. ஒன்றிரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் அதே கம்பியை அதே சுருதியில் வைத்தால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு குறையும், கணக்குப் போட்டால் ஜிஎஸ் மினியில் சுமார் 15 சதவீதம், பேபியில் 20, ஜேஆர்2-இல் 30 சதவீதம் போய்விடுகிறது. கம்பி தொளதொளவென்று ஆனதும் கொஞ்சம் வேகமாக ஸ்ட்ரம் பண்ணினால் தடித்த ஈ (E) கம்பி, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட்டில் உரசிச் சலசலக்கும், இடது கை சற்று அழுத்தினாலே சுரம் மேலே ஏறிவிடும், ட்யூனரில் பச்சை விளக்கு எரிந்தாலும் கார்டு (பல சுரம் சேர்ந்தது) போடும்போது ஏதோ இடறும். இதற்கு வழி தடித்த கம்பி. ஜிஎஸ் மினி கம்பெனியிலிருந்தே மீடியம் கம்பியோடுதான் வருகிறது, அது வழக்கமான லைட் கம்பியைவிடத் தடித்தது. (உகுலேலே அளவிலான ஆறு கம்பி யமஹா கிட்டலேலேயில் ஸ்கேல் 17 அங்குலம்தான், அதனால் ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ என்ற கவ்வி போட்ட மாதிரி சுருதியையே ஏற்றிவிட்டார்கள். அது வேறு வாத்தியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

குறையும் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ் மினியின் உடல் அகலம் 14 அங்குலத்துக்கு மேல், முதுகில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினால் நாலு பேர் முறைப்பார்கள். விலையும் மற்றவற்றைவிட அதிகம்.

லிட்டில் மார்ட்டினில் பின்பலகையும் பக்கமும் காகித அடுக்குகளைப் பிசினில் அழுத்திச் செய்த லாமினேட். எல்எக்ஸ்எம் மாடலில் மேல்பலகையும் அதேதான். ஈரம் மாறினாலும் மரம் மாதிரி எளிதில் வளையாது, அதனால் சென்னைப் புழுக்கத்திலிருந்து ரயிலின் ஏசி பெட்டிக்கு, அங்கிருந்து ஊட்டிக் குளிருக்கு என்று அலைகிறவர்களுக்கு நிம்மதி, ஆனால் என் காதுக்குச் சத்தம் கொஞ்சம் அடைத்த மாதிரி இருந்தது. ஆங்கிலப் பாடகர் எட் ஷீரன் லிட்டில் மார்ட்டினை வைத்துப் பெரிய மேடைகளில் வாசித்தார் என்பார்கள். சரிதான், ஆனால் அங்கே கேட்பது பிக்கப் (ஒலியை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) வழியாக வரும் ஒலி. அதே கம்பெனியின் இன்னொரு பயணக் கிட்டாரான மார்ட்டின் பேக்பேக்கர் துடுப்பு மாதிரி ஒல்லி, ஸ்ட்ராப் இல்லாமல் மடியில் நிற்காது, எனக்கு ஒத்துவரவில்லை.

கார்பன் ஃபைபர் கலந்த பிளாஸ்டிக்கில் செய்த என்யா நோவா கிட்டாரைக் கோவை நண்பர் வீட்டில் ஒரு மாலை வாசித்ததோடு சரி. வெயிலுக்கும் ஈரத்துக்கும் அசராத பொருள், மழையிலும் கடற்கரையிலும் வாசிக்கிற ஆள் என்றால் நான் சொன்னதை மறந்துவிட்டு அதையே பாருங்கள்.

வீட்டில் பத்து வயதுப் பிள்ளையும் அதே கிட்டாரில் கற்றுக்கொள்ளப் போகிறது என்றால் ஜேஆர்2 போதும். அந்த விரல்களுக்குத் தளர்ந்த கம்பிதான் வசதி.