கொழும்பில் ஒரு புற்றுநோய் ட்ரயல் பிரிவு: டொக்டருக்கு 5 நட்சத்திரம், படிவத்துக்கு 1

அத்தைக்கு வாய்ப் புற்றுநோய். மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர், முப்பது வருஷமாக வெற்றிலை. கொழும்பில் ஒரு புது மருந்துக்கு ட்ரயல் (நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனை) நடக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இடத்தின் பெயரைப் போடவில்லை, அத்தை இன்னும் அங்கே போக வேண்டியிருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டொக்டர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார். மருந்துக்கும் ஸ்கானுக்கும் ஐந்து சதம் வாங்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்று இரண்டு தடவை சொன்னார். ட்ரயலின் பதிவு இலக்கத்தைக் கேட்டதும் எழுதித் தந்தார்கள். இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2006இலிருந்து இருக்கிறது, யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஆனால் அது ஆங்கிலத்தில்தான்.

அப்புறம் சம்மதப் படிவம் வந்தது. 22 பக்கம், தமிழில்தான். ஆனால் யார் மொழிபெயர்த்தார்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு. "நீங்கள் இரண்டு கைகளில் ஒன்றில் எழுமாற்றாகப் போடப்படுவீர்கள்" என்று இருந்தது. நான் வாசிக்க வாசிக்க அத்தை சட்டென்று இரண்டு கையையும் நீட்டி, "எந்தக் கையில தம்பி ஊசி போடுவாங்க?" என்றார். ட்ரயலில் நோயாளிகளைப் பிரிக்கிற குழுக்களை ஆங்கிலத்தில் ஆர்ம் என்பார்கள், அதை அப்படியே கையாக்கி வைத்திருக்கிறார்கள். பங்கேற்பவர் எல்லா இடத்திலும் "பாடம்", ஆங்கிலத்தில் சப்ஜெக்ட் என்பதை அப்படியே மாற்றியது. பாடம் வாந்தியெடுத்தால் உடனே அறிவிக்க வேண்டுமாம். சிரிப்பு வந்தது, ஆனால் இதில்தான் கையெழுத்து கேட்கிறார்கள்.

போக்குவரத்துச் செலவு தருவதாகச் சொல்கிறார்கள், உண்மைதான், டிக்கெட் காட்டினால். நம்ம பிரைவேட் பஸ்ஸில் எத்தனை கொண்டக்டர் டிக்கெட் கிழித்துத் தருகிறார்? வாரம் ஒரு தடவை காலை எட்டு மணிக்கு நிற்க வேண்டும், அதாவது முந்தைய நாளே இறங்கி வெள்ளவத்தையில் என் அறையில் தங்க வேண்டும். இரண்டு நாள் பேர் விழாது, அதாவது இரண்டு நாள் சம்பளம் போய்விடும். அந்தக் கணக்கு படிவத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. வெயிட்டிங் ரூமில் இருந்தவர்களைப் பார்த்தேன், எல்லோரும் கொழும்பைச் சுற்றியுள்ளவர்கள் போலத்தான் தெரிந்தது.

இதெல்லாம் சில்லறைக் குறை என்று நினைக்காதீர்கள். 2008க்கும் 2018க்கும் இடையில் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்துகளுக்கு அனுமதி வாங்கித் தந்த 230 ட்ரயல்களை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இன விவரம் சொன்னவற்றில் வெள்ளையர் 76 வீதம், கறுப்பினத்தவர் வெறும் 3 வீதம். சரி, யார் உடம்பில் சோதித்தால் என்ன என்று கேட்கலாம். ஜெஃபிட்டினிப் என்ற நுரையீரல் புற்றுநோய் மாத்திரையைப் பாருங்கள். 2005இல் வெளியான பெரிய ட்ரயலில் மொத்தமாகப் பார்த்தால் ஆயுள் கூடியதாகத் தெளிவாகத் தெரியவில்லை, ஆனால் அதே ட்ரயலில் இருந்த ஆசியர்களுக்கும் புகைபிடிக்காதவர்களுக்கும் கூடியிருந்தது. அந்த மாத்திரை குறிவைக்கும் மரபணு மாற்றம் கிழக்காசியர்களிடம் அதிகம். அவர்களைச் சேர்க்காமலே விட்டிருந்தால்? இங்கே ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோயே வாய்ப் புற்றுநோய். வெற்றிலை போடுகிற தோட்டத்துச் சனம் இல்லாமல் அதற்கு மருந்து சோதித்து யாருக்குக் கொடுக்கப் போகிறார்கள்?

கடைசியில் கைகொடுத்தது மட்டக்களப்பு நர்ஸ் மிஸ் ஒருவர். அந்தப் பிரிவுகூட இல்லை, பக்கத்து வார்டு. டியூட்டி முடிந்து போகிறவர் நின்று, ஒரு தாளில் இரண்டு கோடு போட்டு, "அம்மா, இந்தப் பக்கம் பழைய மருந்து, இந்தப் பக்கம் பழையதோட புதுசும் சேர்த்து. எதுன்னு நீங்களும் தேர்ந்தெடுக்க ஏலாது, டொக்டரும் ஏலாது, கம்பியூட்டர்தான்" என்றார். ஐந்து நிமிஷம். அத்தை தலையாட்டினார், அது வெறும் தலையாட்டல் இல்லை, புரிந்துகொண்டது. அந்த மிஸ்ஸுக்கு நட்சத்திரம் போட இங்கே இடமில்லை.

சேர்ந்தாரா என்றால், இன்னும் இல்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் அவர்கள் கேட்கும் அளவுக்கு இல்லையாம், அதை ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். அத்தை ஊரில் முருங்கைக்கீரையும் இரும்புச்சத்து மாத்திரையுமாக இருக்கிறார். அடுத்த திகதி ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கே.