'யுனெஸ்கோ கட்டணம்' கேட்கும் செஞ்சி சுற்றுலா: உஷார்!

புதுச்சேரி கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருக்களில் ஒரு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 'செஞ்சி மலைக் கிராமங்கள்: ஒருநாள் பண்பாட்டுச் சுற்றுலா', தலைக்கு 1,800 ரூபாய். செஞ்சிக் கோட்டை, திருநாதர்குன்று, மண்டகப்பட்டு குகைக்கோயில், கிராமத்து வீட்டில் மதியச் சாப்பாடு, சாயங்காலம் தெருக்கூத்து. படிக்க நன்றாகத்தான் இருக்கும். கடலூரிலிருந்து வந்திருந்த சித்தப்பாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு நானும் மனைவியும் போன மாதம் போய்வந்தோம்.

பெயரைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நோட்டீஸில் ஒரு பெயர், ஜிபேயில் பணம் போனது ஒரு தனி ஆள் பெயருக்கு, வேன் கண்ணாடியில் ஒட்டியிருந்தது மூன்றாவது பெயர். அதனால் வேலையை எப்படிக் காட்டுகிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

வேன் வெள்ளை நம்பர் போர்டு. வாடகைக்கு ஓட்ட மஞ்சள் போர்டு வேண்டும். வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸும் கிடைக்காமல் அல்லாட வேண்டியதுதான். காலை ஏழு மணி என்று சொல்லி எட்டரைக்கு வந்தார்கள். மொரட்டாண்டி டோலைத் தாண்டியதும் வழிகாட்டி எழுந்து நின்று, "செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ அந்தஸ்து கிடைச்சிருக்கு, அதுக்குத் தனிக் கட்டணம், தலைக்கு 300" என்று கையை நீட்டினார். அந்தஸ்து கிடைத்தது உண்மைதான். 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அதில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பது செஞ்சி மட்டும். ஆனால் யுனெஸ்கோவுக்கென்று தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. கோட்டை வாசலில் தொல்லியல் துறை கொடுத்த டிக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 25 ரூபாய்.

அதற்கு முன்னால் நடந்ததுதான் பெரிய கூத்து. திண்டிவனம் தாண்டி 'பத்து நிமிஷம் டீ' என்று ஒரு மூலிகைக் கடையில் நிறுத்தினார்கள். உள்ளே போனதும் கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் பேச்சு. சித்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்த பையன், கேட்காமலேயே புடவையை லேசாக ஒதுக்கச் சொல்லி எண்ணெய் தடவ ஆரம்பித்துவிட்டான். விலை 1,450. வேண்டாம் என்றதும் "தடவியாச்சே அம்மா" என்று முகத்தைத் தூக்கினான். நான் வெளியே வந்தால், கடைக்காரர் ஒரு நோட்டில் வேன் நம்பரையும் தலைக்கணக்கையும் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அடுத்து ஒரு புடவைக் கடை. அங்கேயும் அதே நோட்டு, அதே கையெழுத்து. நாள் முழுக்க நேரம் போனது இப்படித்தான்.

மதியச் சாப்பாடு சாலையோர ஓட்டலில் ஆறிப்போன வெஜ் பிரியாணி. கோட்டை வாசலுக்குப் போனபோது மணி மூன்று தாண்டிவிட்டது. "ராஜகிரி மேல இனிமே விட மாட்டோம் சார், ஏறி இறங்கறதுக்குள்ள இருட்டிடும்" என்று காவலர் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. சுமார் 800 அடி ஏற வேண்டிய மலைக்கு மூன்று மணிக்குக் கொண்டுவந்து விட்டவர்களைத்தான் கேட்க வேண்டும். கீழே கல்யாண மகாலைக் காட்டி, தேசிங்கு ராஜா கல்யாணத்துக்காக பிரெஞ்சுக்காரர்கள் கட்டிக்கொடுத்தது என்றார் வழிகாட்டி. தேசிங்கு செத்தது 1714இல், பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தது 1750இல். சித்தப்பா சிரித்தேவிட்டார்.

திருநாதர்குன்றுக்கு வேனை நிறுத்தவே இல்லை. "அதோ தெரியுது பாருங்க, அந்தப் பாறைதான்" என்று ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார்கள். ஒரே பாறையில் வரிசைக்குப் பன்னிரண்டாக இருபத்துநான்கு சமணத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய இடம் அது. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. ஓடுகிற வேனிலிருந்து பார்த்தால் எல்லாப் பாறையும் ஒன்றுதான். தெருக்கூத்து என்றது ஒரு டீக்கடைக் கொட்டகையில் ஆணியில் தொங்கிய கிரீடமும் புஜக்கட்டையும். தலையில் வைத்து செல்ஃபி எடுக்க 50 ரூபாய்.

எனக்கு ஆறாத விஷயம் மண்டகப்பட்டு. மூட்டுவலிக்காரர்கள் அதிகம் ஏறாமல் பார்க்கலாம் என்பதால்தான் சித்திக்காக இந்தச் சுற்றுலாவையே எடுத்தோம். மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் (அவனுடைய பட்டப்பெயர்) எடுத்தது என்று அவனே கல்வெட்டில் சொல்லிக்கொள்கிற இடம். "குகையைப் பராமரிப்புக்கு மூடிட்டாங்க, ஒரு மாசமாவே பூட்டுத்தான்" என்றார் வழிகாட்டி. இத்தனைக்கும் வேன் விழுப்புரம் வழியாகத்தான் திரும்பியது, மண்டகப்பட்டுக்குத் திரும்புகிற இடத்தைத் தாண்டித்தான் வந்தோம். மறுவாரம் நானே பைக்கில் போனேன். பூட்டும் இல்லை, பராமரிப்பும் இல்லை, யாரும் காசும் கேட்கவில்லை. இரண்டு துவாரபாலகர்களும் அவர்கள் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அங்கே இருந்த பெரியவரிடம் கேட்டேன். "நடுவுல எப்பவும் மூடலையே தம்பி, யாரு சொன்னா?" என்றார்.

போக நினைப்பவர்கள் தாராளமாகப் போங்கள், தனியாகப் போங்கள். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், அங்கிருந்து செஞ்சி, எல்லாம் பஸ்ஸிலேயே முடியும். ராஜகிரி ஏற வேண்டுமானால் காலையிலேயே ஆரம்பித்துவிடுங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும். மண்டகப்பட்டுக்கும் திருநாதர்குன்றுக்கும் செஞ்சியில் ஒரு ஆட்டோ பேசிக்கொண்டால் போதும். யாரிடமாவது பதிவு செய்யத்தான் வேண்டும் என்றால், வண்டி மஞ்சள் போர்டா, எந்த இடத்தில் எத்தனை மணி நேரம், வழியில் கடைகளில் நிறுத்துவார்களா என்ற மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் பணத்தை அனுப்புங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனமா இல்லையா சார்?" என்று பதில் வந்தது. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்த பிறகு குரல் மாறிவிட்டது. ஆளுக்கு 500 தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கவில்லை. நோட்டீஸ், ஜிபே ரசீது, 25 ரூபாய் டிக்கெட் மூன்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அதே வேனில் வந்த திருச்சிக் குடும்பமும் அவர்கள் ரசீதை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறது.