மேக்னாவா, மொய்னாவா, மீனா?

மணலிப் பக்கத்திலிருந்து எங்களுக்கு வரும் மாதிரிகள் பெரும்பாலும் ஒரு லிட்டர் பாட்டிலில்தான் வரும். பாட்டிலோடு ஒரு கேள்வியும் வரும்: "மேடம், இது விஷமா, இல்லையா?" சி.ஓ.டி. (தண்ணீரிலுள்ள கழிவை ஆக்ஸிஜனேற்ற வேண்டிய ஆக்ஸிஜன்) எவ்வளவு, பீனால் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று கருவிகள் சொல்லிவிடும். இவையெல்லாம் ஒரே தண்ணீரில் கூடி ஒரு உயிரை என்ன பாடு படுத்தும் என்பதை அந்த உயிரிடம்தான் கேட்க வேண்டும். எந்த உயிரிடம்? மாதவரத்தில் நான் வேலை பார்க்கும் சின்ன லேபில் பல வருஷமாக ஓயாத வாக்குவாதம் இது.

போட்டியில் மூன்று பேர். உலகம் முழுக்கப் பேர்போன தண்ணீர்த் தெள்ளு டாஃப்னியா மேக்னா. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் குஞ்சு மீனுக்குத் தீனியாக விற்கும் இன்னொரு சின்னத் தெள்ளு மொய்னா. பிறகு, நம் சட்டம் கேட்கிற மீன். தெள்ளு என்று பெயரே தவிர, நாய் மேல் துள்ளும் தெள்ளுப்பூச்சிக்கும் இதற்கும் உறவில்லை. இது இறால், நண்டு ஜாதி. தண்ணீரில் துள்ளித் துள்ளி மேலே ஏறுவதால் வந்த பெயர்.

முதலில் மேக்னா. ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் 202 என்ற வழிமுறையும், ஐ.எஸ்.ஓ. 6341 என்ற சர்வதேசத் தரநிலையும் இதை நடுவில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பிறந்து 24 மணி நேரம் ஆகாத குட்டிகளை எடுத்து, ஒரு கிண்ணத்துக்கு ஐந்து என்று நான்கு கிண்ணத்தில் விட வேண்டும். அப்படி ஐந்து செறிவு, கூடவே விஷம் கலக்காத கண்ட்ரோல் ஒன்று. ஒரு குட்டிக்கு 2 மி.லி. தண்ணீர் போதும். கூட்டிப் பார்த்தால் 120 குட்டிகள், 240 மி.லி. தண்ணீர். 48 மணி நேரம் தீனியும் கிடையாது, காற்றுக் குமிழும் கிடையாது. பிறகு கிண்ணத்தை மெல்ல அசைத்துவிட்டு 15 விநாடி பார்க்க வேண்டும். நீந்தினால் பிழைத்தது. நீந்தாவிட்டால், உணர்கொம்பு துடித்துக்கொண்டிருந்தாலும் 'அசைவற்றது' கணக்குதான். பாதிக் குட்டிகள் அசைவற்றுப் போகிற செறிவுக்கு ஈ.சி.50 என்று பெயர்.

'செத்தது' என்று எழுதாமல் 'அசைவற்றது' என்று எழுதுவது ஏன் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள். வாயால் விளக்க மாட்டேன், நுண்ணோக்கியடியில் வைத்துக் காட்டிவிடுவேன். மேக்னாவின் உடம்பு கண்ணாடி. அடியில் கிடப்பதை வைத்துப் பார்த்தால் முதுகோரம் இதயம் தத்தித் தத்தி அடித்துக்கொண்டிருக்கும். சாவு எந்த நொடியில் நடந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. நீந்தவில்லை என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

மேக்னாவின் பெரிய பலம், அதைப் பற்றி எழுதிக் குவித்திருப்பதுதான். எந்த ரசாயனத்தைச் சொன்னாலும் அதற்கு ஒரு மேக்னா எண் எங்காவது இருக்கும். கூட்டம் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்க்கப் பொட்டாசியம் டைகுரோமேட் வைத்துச் சோதிப்போம். 24 மணி நேர ஈ.சி.50 லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மி.கி.க்குள் விழ வேண்டும். விழுந்தால் நம் மேக்னாவும் ஜெர்மனிக்காரர் மேக்னாவும் ஒரே பேச்சுப் பேசுகின்றன என்று அர்த்தம். ஆண் துணையில்லாமலே தன்னைப் போலவே குட்டி போடுகிற ஜீவன் என்பதால் இது சாத்தியம். ஒரே தாயின் வம்சத்தை வருஷக்கணக்கில் வைத்திருக்கலாம்.

சங்கடம் எங்கே என்றால், மேக்னா குளிர்தேசத்துக்காரி. சோதனை 18 முதல் 22 டிகிரிக்குள், அதிலும் ஒரு டிகிரி இப்படி அப்படிக்குள் நிற்க வேண்டும். மே மாதத்து மாதவரத்தில் 20 டிகிரி என்பது இரவு பகலாக ஓடும் ஏசி. ஒரு ஜூன் இரவில் கரண்ட் போய், இன்வெர்ட்டரும் கையை விரித்தது. காலையில் தெர்மாமீட்டர் 29 காட்டியது. கண்ட்ரோலில் 20-க்கு 3 கீழே கிடந்தன. 2 என்றால் 10 சதவீதம், தப்பியிருப்போம். 3 என்றால் 15, சோதனை குப்பைக்கு. விஷம் கலந்த கிண்ணங்களில் வரிசை எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் கண்ட்ரோல் சாய்ந்தால் எல்லாம் சாய்ந்த மாதிரிதான்.

தண்ணீரும் ஒரு வம்பு. மீஞ்சூர்ப் பக்கம் தொடங்கி வடசென்னையில் பல இடங்களில் போர் தண்ணீரில் கடல் ஏறியிருக்கிறது. மெட்ரோ வாட்டரில் குளோரின். எங்கள் லேபில் ஒருவர் அவசரத்துக்குக் குழாயடித் தண்ணீரை வளர்ப்பு ஜாடியில் ஊற்றிவிட்டார், டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஜாடி காலி. அதிலிருந்து ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கணக்காகக் கரைத்தே செய்கிறோம். லிட்டருக்குக் கால்சியம் குளோரைடு 294 மி.கி., மெக்னீசியம் சல்பேட் 123, சோடியம் பைகார்பனேட் 65, பொட்டாசியம் குளோரைடு 5.75. இதில் கடினத்தன்மை 250 வரும். வளர்ப்புக்கு எலென்ட் கரைசல் நல்லது. ஆனால் அதில் ஈ.டி.டி.ஏ. இருப்பதால் உலோகச் சோதனைக்கு ஆகாது. ஈ.டி.டி.ஏ. உலோகத்தைக் கட்டிப் போட்டுவிடும், விஷம் இல்லாதது போலத் தெரியும்.

இனி மொய்னா. வெயில் தாழ்ந்த நேரத்தில் கொளத்தூரில் போய் நின்றால், ஆக்ஸிஜன் அடைத்த பைகளுக்கு நடுவே செம்மண் கரைத்தது போல ஒரு வாளி இருக்கும். அந்தச் சிவப்பு முழுக்க மொய்னா. கடைக்காரத் தம்பிக்கு என்னை நன்றாகத் தெரியும்.

"இன்னாக்கா, மீனே வாங்காம தீனி மட்டும் வாங்கினு போறே?"

"மீன் இல்லப்பா, இதுங்களத்தான் வளக்கறேன்."

"தீனிய யாராச்சும் வளப்பாங்களா? நல்லா இருக்கே கத!"

அவன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கடைப் பையில் மொய்னா மட்டும் வருவதில்லை. சைக்ளாப்ஸ், கொசுப்புழு, பெயர் தெரியாத நாலைந்து என எல்லாம் கலந்து வரும். அதிலிருந்து ஒரே ஒரு தாயை வாய் அகன்ற துளிக்குழாயால் பிடித்து, தனி பீக்கரில் விட்டு, மூன்று தலைமுறை தள்ளிய பிறகுதான் சோதனைக்கு எடுப்பேன். மூன்று தலைமுறை என்றால் பயப்பட வேண்டாம். 26, 27 டிகிரியில் மொய்னா சில நாட்களிலேயே தாயாகிவிடும். மேக்னாவுக்கு முதல் பிரசவத்துக்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

சாக்கடைத் தண்ணீரில் வாழ்கிற ஜென்மம், அதற்கு விஷம் உறைக்குமா என்று எங்கள் சீனியர் ஒருவர் இன்னமும் கேட்பார். மொய்னாவுக்குப் பழக்கம் ஆக்ஸிஜன் குறைவுதான். மூச்சு முட்டினால் ஹீமோகுளோபினை ஏற்றிக்கொண்டு சிவந்துவிடும், கொளத்தூர் வாளியின் நிறம் அதனால்தான். பூச்சிக்கொல்லிக்கும் தாமிரத்துக்கும் அந்தச் சிவப்பு கவசமாகாது. இரண்டையும் ஒன்றாகக் கலக்கிப் பேசுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

நான் மொய்னா பக்கம் சாய்வதற்குக் காரணம் செலவு மட்டுமில்லை. அமோனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் அது இரண்டு வடிவில் இருக்கும், மின்னேற்றம் இல்லாத வடிவம்தான் அதிகம் கடிக்கும். பிஹெச் 8-ல், 20 டிகிரியில் மொத்த அமோனியாவில் அந்த வடிவம் 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 30 டிகிரியில் 7.5. அதே பாட்டில், அதே தண்ணீர். ஏசி அறையில் பார்த்தால் பாதி விஷம், பக்கிங்ஹாம் கால்வாயில் போய்க் கலந்தால் முழு விஷம். 20 டிகிரியில் 'பரவாயில்லை' என்று கையெழுத்துப் போட எனக்குக் கை வராது.

மொய்னாவின் குறைகளை மறைக்கவும் முடியாது. குட்டி அரை மில்லிமீட்டருக்கும் கீழே, கறுப்புத் துணி விரித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால்தான் எண்ண முடியும். நாற்பது வயதுக்கு மேல் கண்ணாடி இல்லாமல் ஆகாது, அனுபவித்துச் சொல்கிறேன். மேலோடு தண்ணீரில் நனையாத தன்மை கொண்டது. துளிக்குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி விடாமல் மேலிருந்து சொட்டினால், குட்டி ஒரு காற்றுக் குமிழைக் கட்டிக்கொண்டு மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும், பிறகு நீந்தாது. அது விஷமில்லை, நம் கைப்பிழை. இதைவிடப் பெரிய சிக்கல் காகிதத்தில். ஓ.இ.சி.டி. 202 மேக்னாவை விரும்புகிறது, வேறு டாஃப்னியாவையும் ஏற்கும். மொய்னா டாஃப்னியா இல்லை. ஆகவே அறிக்கையில் '202-இன்படி' என்று போடக்கூடாது, 'தழுவிச் செய்தது' என்றுதான் போடலாம். தணிக்கைக்கு வருபவரின் புருவம் அந்த இடத்தில் உயரும்.

நடுவழி ஒன்று உண்டு, செரியோடாஃப்னியா டூபியா என்ற இன்னொரு தெள்ளு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கழிவுநீர்ச் சோதனைகளில் 25 டிகிரியில் ஓட்டுகிறார்கள். நம் ஊர் வெப்பத்துக்கு ஒத்துவரும், எழுதப்பட்ட வழிமுறையும் இருக்கிறது. ஆனால் உப்பு ஆகாது. சமையல் உப்பு லிட்டருக்குச் சுமார் 2 கிராமிலேயே 48 மணி நேரத்தில் பாதி போய்விடும். மேக்னா கிட்டத்தட்ட 5 கிராம் வரை தாக்குப்பிடிக்கும். வடசென்னையில் ஆர்.ஓ. கழிவு கலக்காத பாட்டில் வருவதே அபூர்வம். செரியோடாஃப்னியா செத்தால், ரசாயனத்தால் செத்ததா உப்பால் செத்ததா என்று இன்னொரு சோதனை ஓட்ட வேண்டியிருக்கும்.

மீனுக்கு வருவோம். 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் ஆறாம் அட்டவணை சொல்வது ஒரே வரிதான்: கலப்பில்லாத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 சதவீத மீன் பிழைத்திருக்க வேண்டும். பத்து மீன் விட்டால் ஒன்பது. ஆலைக்காரர்கள் கேட்பது இந்த அறிக்கையைத்தான், அதனால் மீன் தொட்டியை லேபிலிருந்து எடுக்க முடியாது. ஆனால் இது தேறினதா தேறவில்லையா என்ற கேள்வி மட்டும். எவ்வளவு தூரத்தில் தேறியது என்று சொல்லாது. மாதிரியும் பாட்டிலில் அடங்காது, கேனில் வர வேண்டும். டூவீலரில் வரும் பையன் முறைப்பான். மீனைக் கடையிலிருந்து வாங்கி அன்றே விடவும் முடியாது. கடையில் என்ன மருந்து போட்டார்களோ, வாரக்கணக்கில் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். முதுகெலும்புள்ள உயிர் என்பதால் நெறிமுறைக் குழு கேள்விகளும் உண்டு.

ஆனாலும் அமோனியா விஷயத்தில் மீன்தான் முந்திக்கொண்டு சாயும், தெள்ளு கொஞ்சம் தாங்கும். குளோர்பைரிஃபாஸ் மாதிரிப் பூச்சிக்கொல்லி என்றால் தலைகீழ். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்கூட எட்டாத அளவிலேயே மேக்னா விழும், அதே தண்ணீரில் மீன் சாவகாசமாகச் சுற்றும். களைக்கொல்லி என்றால் இரண்டையும் விட்டுவிட்டுப் பாசியிடம் போக வேண்டும். மீன் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு 'பாதுகாப்பானது' என்று சொல்பவரிடம், அந்த ஆலையில் என்ன தயாரிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

ஒளிரும் பாக்டீரியா வைத்து அரை மணியில் முடிக்கும் சோதனையும் இருக்கிறது. கருவி விலை எங்கள் கைக்கு எட்டாது, சாயத்தண்ணீரின் நிறமே ஒளியை மறைத்துவிடும். காய்ந்த முட்டைகளோடு வரும் டாஃப்னியா கிட் நல்ல சௌகரியம், வளர்ப்புத் தொல்லை இல்லை. ஆனால் வெளிச்சத்தில் வைத்துப் பொரிக்க மூன்று நாள் ஆகும், கிட்டும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எண்ணூர் முகத்துவாரத்து உவர்நீருக்கு இவை எதுவும் ஆகாது. உப்புத் தண்ணீரில் வாழும் குட்டி இறால் ஜாதியான ஆர்ட்டீமியா உயிரோடு இருக்கும்தான், ஆனால் அது எதையும் தாங்கும் கல்நெஞ்சு. அது பிழைத்ததை நான் நற்சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்தது போன்ற தண்ணீர் என்றால் இன்னொரு எச்சரிக்கை: மேல் படலத்தோடு ஊற்றினால் தெள்ளு எண்ணெயில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். படலத்துக்குக் கீழிருந்து உறிஞ்சி எடுக்காத சோதனை, விஷத்தை அளக்கவில்லை, பிசுபிசுப்பை அளக்கிறது.

இப்போது எங்கள் ஏற்பாடு இதுதான். புதுப் பொருளுக்கு அபாயச் சீட்டு ஒட்ட எண் வேண்டும் என்று வந்தால் மேக்னா, மறுபேச்சில்லை. லிட்டருக்கு 1 மி.கி.க்குள் வந்தால் முதல் வகுப்பு, 10-க்குள் இரண்டு, 100-க்குள் மூன்று என்று அந்த வகுப்புகள் அதன் எண்ணை எதிர்பார்த்தே இருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அறிக்கை என்றால் மீன். ஆலைக்காரர் தன் சுத்திகரிப்பு நிலையம் இந்த வாரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள நினைத்தால், மொய்னாவைத்தான் சொல்வேன். வாராவாரம் செய்யலாம், கை கடிக்காது, கால்வாய்த் தண்ணீர் இருக்கிற சூட்டிலேயே செய்யலாம்.

மேக்னா ஜாடிகளுக்கு ஏசி அறையில் தனி அலமாரி, இரண்டு இன்வெர்ட்டர். மொய்னா வராந்தாவில், ஈரச் சாக்கு போட்ட மேஜையில். இரண்டு வருஷத்துக்கு முன் பழைய மொய்னாத் தண்ணீரை மொட்டைமாடித் தொட்டியில் கொட்டிவிட்டு மறந்துபோனேன். கோடையில் தொட்டி காய்ந்து அடியில் மண் வெடித்துக் கிடந்தது. ஐப்பசி மழை பெய்து பத்து நாள் கழித்துத் துணி காயப்போடப் போனால், தொட்டி ஓரத்தில் வெயில் படும் இடத்தில் பொடிப் பொடியாகத் துள்ளிக்கொண்டிருந்தன. காய்ந்த மண்ணில் கிடந்த முட்டைகள். ஒரு தாயைப் பிடித்து பீக்கரில் விட்டு, தேதி ஒட்டிவைத்தேன்.